சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில் பவுனுக்குத் தாய்ப்பால் வற்றிப்போனது. டப்பாப் பால்தான் என்று ஆனபின் அவள் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்துத்தான் பால்மாவைக் கரைப்பாள். அது எண்பத்திரண்டாம் வருஷக் கோடை. குச்சனூர்ப் பக்கம் கிணறுகளெல்லாம் அடிமட்டத்துக்குப் போயிருந்தன.

ஒருநாள் பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. நகமும் அப்படியே. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் சாராள், இருதயக் கோளாறாக இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். அங்கிருந்த நாட்களில் நிறம் தானாகத் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும், ஏதோ கிருமிதான் என்று நினைத்து, பவுனு தண்ணீரை முன்னைவிட அதிக நேரம் காய்ச்சினாள். அந்த வாரமே உதடு மறுபடியும் நீலம் பூத்தது.

இந்தத் தடவை டாக்டர் ஊசியில் இழுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது.

"பிள்ளைக்கு என்ன தண்ணிம்மா குடுக்குற?"

"எங்க கிணத்துத் தண்ணிதான் டாக்டரம்மா. நல்லாச் சுண்டக் காய்ச்சித்தான் குடுக்குறேன்."

"கிணத்துக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"மாட்டுக்கொட்டம், குப்பைக்கிடங்கு. அதை ஒட்டி எங்க வாழைத்தோட்டம். யூரியா மூட்டை மூட்டையாப் போடுறாக."

சாராள் ஊசியிலிருந்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சாணி, மூத்திரம், உரம் எல்லாம் மண்ணுல இறங்கி, நைட்ரேட்டுன்னு ஒரு உப்பாக் கிணத்துல சேரும். காய்ச்சினாக் கிருமி சாகும், உப்பு எங்கம்மா போகும்? தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பெரியவுக தாங்கிக்குவாக. பச்சப்பிள்ளை ரத்தம் தாங்காது."

பவுனு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கறையாகக் காய்ச்சிய கை.

நீலமாக ஒரு மருந்தை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் உதடு சிவந்தது. துணியில் மூத்திரம் பச்சையாக இறங்கியதைக் கண்டு பதறியவளிடம், மருந்துதான் வெளியேறுகிறது என்று நர்ஸ் சிரித்தாள்.

சோதனைக்கு மதுரைக்கு அனுப்பிய கிணற்றுத் தண்ணீரின் முடிவும் டாக்டர் சொன்னபடியே வந்தது. பவுனு புருஷன் கோட்டைச்சாமிக்கு அது பொறுக்கவில்லை. பாறைக்கு வெடி வைத்து அவனே நின்று வெட்டிய கிணறு. தெருவே வந்து இறைக்கும் கிணறு. ஒரு செம்பு மொண்டு மடமடவென்று குடித்தான்.

"எனக்கு என்ன ஆச்சு? வெளிய யார்கிட்டயும் மூச்சு விட்றாத."

பவுனு பிள்ளைக்கு மட்டும் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்துவந்தாள். கேட்டவர்களிடம், வாளிக் கயிறு அறுந்துவிட்டது என்றாள்.

நிறைமாதமாக இருந்த பக்கத்து வீட்டு ராமுத்தாய் ஒரு காலையில் வாளியை இறக்கிக்கொண்டே, "மூத்ததுக்கே எனக்குப் பால் பத்தல மதினி. இதுக்கும் டப்பாதான் போல. நல்லவேளை, உங்க தண்ணி தேனா இருக்கு" என்றாள்.

பவுனு எட்டி வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவுக குடிச்சா ஒண்ணும் செய்யாது தாயி. பிள்ளைக்கு மட்டும் இதுல பால் கரைச்சிராத. எம்பிள்ளை நீலமானது இதாலதான்."

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கோட்டைச்சாமி கொதித்துப்போய் வந்தான்.

"மானத்தை வாங்கிட்டியேடி!"

"அவ பிள்ளைக்கும் அப்படி ஆகியிருந்தா, அவுக வாசல்ல போயி என்ன சொல்லி நிப்பீக?"

அன்று ராத்திரி அவன் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துபோனான். மறுநாளும் அதற்கு மறுநாளும் தெருவில் யாரும் இறைக்க வராமல் கிணற்றடி ஈரமில்லாமல் கிடந்தது. அதன்பிறகுதான் வண்டியைப் பூட்டி, குப்பைக்கிடங்கை அடியோடு வாரி, பள்ளத்துப் பக்கம் தோட்டத்தின் கோடியில் கொண்டுபோய்க் கொட்டினான். யூரியாவையும் பாதியாகக் குறைத்தான். அதனால் கிணறு உடனே தேறிவிடவில்லை. இறங்கினது வடிய வருஷக்கணக்காகும் என்று சாராள் சொல்லியிருந்தார். அந்தத் தண்ணீர் மாட்டுக்கும் துவைக்கவும் ஆயிற்று.

ராமுத்தாய்க்கு ஆடியில் பெண் பிறந்தது. விடிந்ததும் கோட்டைச்சாமி சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போவான். திரும்பி வரும்போது ஒன்றை ராமுத்தாய் வீட்டு வாசலில் இறக்கிவைத்து, மணியை ஒரு தடவை அடித்துவிட்டு வருவான்.