நடையில் இருந்த கொம்பு

பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த, சவம் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியை உள்ளே நுழைக்கும்போதே அது நடைச் சுவரில் இருந்த மான்கொம்பில் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் திருப்பினார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள். கடைசியில் பீரோவை நிமிர்த்துவது போல நிமிர்த்தி ஒருவழியாகக் கூடத்தில் இறக்கினார்கள். உள்ளறையில் உட்கார்ந்திருந்த குர்ஷித் பேகத்துக்கு அந்த முட்டல் மோதலெல்லாம் கேட்டது. செத்தும் இந்த மனுஷன் ஒழுங்காக வழிவிட மாட்டார் என்று நினைத்தாள்.

அவள் புருஷன் கலீல் ரஹ்மானுக்குத் தேரடியில் ட்ரங்குப் பெட்டிக் கடை. ஆனாலும் ஊருக்கு அவர் வேட்டை பாய்தான். சர்க்கார் தடை போடுவதற்கு முந்தி ஜவ்வாது மலை உச்சிக்கு ஏறி, ஒரே தோட்டாவில் கடமானைச் சாய்த்த கதையை அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. பெட்டி வாங்க வந்த கல்யாண வீட்டாருக்கும் சொல்வார், ஊசி போட வந்த டாக்டருக்கும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் பனி கொஞ்சம் கூடும், பாறை கொஞ்சம் செங்குத்தாகும். அதற்குச் சாட்சிதான் இந்தக் கொம்பு. வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டுமாம், இருட்டு நடையில் தோள் உயரத்தில் பலகையோடு திருகி வைத்திருந்தார். அது கிழித்த புடவைகளுக்குக் கணக்கில்லை. மேலே ஏற்றி மாட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு வருஷம் வெள்ளையடிக்கும்போது கொம்பின் அடியில் சுற்றியிருந்த பச்சை வெல்வெட்டு நழுவியது. உள்ளே மழமழவென்று உருண்டையாக இருந்தது. மலையிலிருந்து தேன் கொண்டுவரும் ஆதிமூலத்திடம் அதைப் பற்றிக் கேட்டாள்.

"சுட்ட மான்னா மண்டை எலும்போட வரும்மா. இது மானே உதுத்துட்டுப் போனது. பாய் கீழ கெடந்தத பொறுக்கினாரு, நான்தான் தூக்கினு வந்தேன்."

அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டு நேரத்தில் கேட்டே விடுவது என்றிருந்தாள். அன்று பார்த்துச் சம்பந்தி வந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, கண்ணெல்லாம் மின்ன, இவர் கதையை ஆரம்பித்துவிட்டார். அவள் கேட்கவில்லை. மறுநாள் வெல்வெட்டை இழுத்துத் தைத்துவிட்டாள்.

இப்போது கூடத்தில் கொழுந்தன் அய்யூப்பின் குரல் கேட்டது.

"மய்யித்த உள்ள வச்சுக்கினு பெட்டிய நிமித்த முடியாது. கொம்ப சுத்தியால தட்டி பேத்துடலாம். நானே எடுக்குறேன்."

குர்ஷித் எழுந்து உள்ளறைத் திரைக்கு அருகில் வந்தாள். அய்யூப்பும் துப்பாக்கி பிடித்தவன். வெல்வெட்டு விலகினால் ஒரே பார்வையில் புரிந்துகொள்வான். வாசலில் தெருவே நிற்கிறது. குழியில் மண் காய்வதற்குள் தேரடி டீக்கடையெல்லாம் சிரிக்கும்.

"அய்யூப்பு, எல்லாரையும் வெளிய போவச் சொல்லு. பொம்பளைங்க கடைசியா மொகம் பாக்கணும்" என்றாள்.

அதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? ஆண்கள் தெருவுக்குப் போனார்கள்.

"சீக்கிரம் அண்ணி, அஸர் தொழுகைக்கு நேரமாவுது."

மகள் ரஹமத் கஃபன் துணியை விலக்கினாள். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து அழுதார்கள். குர்ஷித் தெருக்கதவைத் தாழிட்டாள். கடைச் சாமான் பெட்டியிலிருந்து அவருடைய திருப்புளியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். முதல் திருகு வந்தது, அடுத்ததும் வந்தது. மூன்றாவது துருப்பிடித்து அசைய மாட்டேனென்றது.

"எதத்தான் நீங்க ஒழுங்கா செஞ்சீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "மான் சுட்டாராம் மான்! பொய் சொல்றவரு அத ஒசரத்துலயாவது மாட்டியிருக்கக் கூடாதா?"

"அம்மா, அங்க இன்னாமா பண்ற? வந்து அத்தா மொகத்த பாரும்மா!"

"இரு, வரேன்."

உள்ளங்கை எரிய எரியத் திருகினாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்துவிட்டது, துடைக்கக் கை ஒழியவில்லை. கடைசியில் ஒரு கை சுண்ணாம்போடு பலகை பெயர்ந்து வந்தது. தன் மேலே போட்டிருந்த துப்பட்டியை உருவி, கொம்பை அப்படியே சுற்றி, உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். கதவைத் தட்டிய தட்டலில் ரஹமத் போய்த் திறந்துவிட்டாள். குர்ஷித் திரையை விலக்கியபோது பள்ளிவாசல் ஹஜ்ரத் கஃபனை மூடித் தலைமாட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணிதான் தெரிந்தது.

அய்யூப் வெறும் சுவரைப் பார்த்தான்.

"நீங்களே எடுத்துட்டீங்களா அண்ணி? பத்திரமா வச்சீங்களா? அண்ணன் உசுரு அது."

"பத்திரமாத்தான் இருக்கு" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

"மொகம் பாத்தீங்கல்ல?"

குர்ஷித் சுண்ணாம்புக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தேன்."

சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள். அது நடையில் எதிலும் இடிக்காமல் வெளியே போயிற்று.