பாதி ஷட்டர்

காலை ஐந்தரைக்கு எழுவேன். குளிப்பேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்வேன். இரண்டு துண்டு ரொட்டியை நின்றபடியே தின்பேன். எட்டு மணிக்குக் கடை. ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே போவேன். தையல் மெஷின் மேல் மூடியிருக்கும் துணியை எடுத்து வெளியே உதறுவேன். அரை மணியில் மறுபடி தூசி படிந்துவிடும். ஆனாலும் உதறுவேன்.

எதிர்ச்சாரியில் பழைய வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. எங்கள் சாரியும் அடுத்த வருடம் போய்விடும். தெரு நடுவே தகரத் தடுப்பு. மிச்சமிருக்கும் வழியில் ஓர் ஆளும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தால் யாராவது சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே கடை போடலாம் என்றது என் மனைவி.

"புது வீட்டுக்கு வர்றவங்க பழைய திரைச்சீலையோடதான வருவாங்க? பழைய ஜன்னல் அளவு புது ஜன்னலுக்குப் பொருந்துமா? ஒண்ணு வெட்டணும், இல்ல ஒட்டுப் போடணும். ரெண்டும் நமக்குத் தெரியும்."

எனக்கு இரண்டும் தெரியாது. தெரிந்தது பொருளாதாரம். அவள் தைத்தாள். நான் அளவெடுத்தேன், பட்டன் வைத்தேன், படிவங்களை நிரப்பினேன்.

புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடைகள் உண்டு. கணக்கெடுக்க வரும் நாளில் திறந்திருக்கும் கடைக்கு அங்கே இடம் தருவார்கள். மூடிக் கிடந்தால் கிடையாது. அந்த ஒரு நாளுக்காக ஆறு மாதம் தூசியைத் தின்றோம்.

எங்களுக்குள் சண்டை என்றால் அது ஷட்டரைப் பற்றித்தான். அவளுக்கு முழுசாகத் தூக்க வேண்டும். எனக்குப் பாதி போதும். தெருவில் எல்லோரும் பாதிதான் தூக்குகிறார்கள் என்பேன்.

"தூசி விழுந்தா தட்டிக்கலாம். ஆளே வரலன்னா எதைத் தட்டுறது?" என்பாள்.

கணக்கெடுப்பு நாளன்று காலை அவளுக்குத் தலைவலி. மூன்று நாளாக இருந்ததுதான். அன்று வாந்தியும் சேர்ந்துகொண்டது. மச்சான் ஆட்டோ கொண்டுவந்தார். நானும் ஏறினேன். இறக்கிவிட்டாள். யாராவது ஒருவர் கடையில் இருக்க வேண்டும் அல்லவா. ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி ஒன்று சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

பத்து மணிக்கு எதிரே இயந்திரம் இடிக்க ஆரம்பித்தது. கடையில் ஓட்டல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகள் ஒன்பது தொங்கின. ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன்.

இரண்டு பத்துக்கு மச்சான் போன் செய்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, சற்று முன் போய்விட்டாளாம். ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்தவள் அப்புறம் வாயே திறக்கவில்லை என்றார்.

மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டார். "கடைசியா உன்கிட்ட என்னப்பா சொன்னா?"

"உங்களைப் பாத்துக்கச் சொன்னா அத்தை" என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தகரத் தடுப்பில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் கடைக்கு நேரே: மூடப்பட்டிருந்தது. நேரம் 11.40.

பக்கத்துக் கடை சாவிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"உள்ளதானே இருந்த?"

"உள்ளதான்ணே இருந்தேன். பட்டன் வச்சுக்கிட்டிருந்தேன்."

"பட்டன் வச்சா ஊருக்கா கேக்கும்? என் ஷட்டரும் பாதிதான். நான் சாவியை ராவுற சத்தத்துல என் கடை பொழச்சுது. வந்தவனுக்கு முதுகு வளையல, உன்னை எங்க பாக்கப் போறான்?" கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காத. இறப்புச் சான்றிதழ்ல அதே தேதிதானே இருக்கு? துக்கத்துல கடையை மூடினேன்னு எழுதிக் குடு. மறுபேச்சு பேச மாட்டாங்க."

எழுதினேன். எனக்கு மனு எழுத நன்றாக வரும்.

அலுவலகத்தில் அதிகாரி மனுவைப் படித்தார். சான்றிதழைப் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். அதுவரை யாரையும் அவர் உட்காரச் சொல்லவில்லை.

"சின்ன வயசு" என்றார். "கையெழுத்து மட்டும் போடுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்."

பேனாவை எடுத்தேன். மனுவில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: என் மனைவி இறந்த காரணத்தால் அந்நேரம் கடை மூடப்பட்டிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு அவள் மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. கடைக்காக அவளை இரண்டரை மணி நேரம் முன்னால் சாகடித்திருந்தேன்.

வரியை அடித்தேன்.

"சார், அந்த நேரத்துக்கு அவ உயிரோடதான் இருந்தா. கடையும் தொறந்துதான் இருந்துச்சு. பாதி."

"படிவத்துல பாதின்னு ஒண்ணு இல்லயேப்பா. திறப்பு, மூடல். ரெண்டே கட்டம்."

"திறப்புன்னு எழுதிக் குடுக்கிறேன்."

"அப்போ மறு ஆய்வுதான். ஆள் என்னிக்கு வருவார், எத்தனை மணிக்கு வருவார், எதுவும் சொல்ல மாட்டோம். வர்றப்ப மூடியிருந்தா அதோட முடிஞ்சது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. யோசிச்சுக்கங்க."

"யோசிச்சிட்டேன் சார்."

மறுநாள் எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். இடுப்பு வரை சுலபமாக வந்தது. அதற்கு மேல் மூன்று வாரமாகத் தூக்கவில்லை. தடத்தில் சிமெண்ட் தூசி இறுகியிருந்தது. சாவிக்காரர் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அது கத்திக்கொண்டே மேலே போனது.

"வெள்ளைக் கோட்டெல்லாம் தொங்குதே?"

"தொவச்சுக் குடுத்துடுறேன்ணே."

பகல் முழுக்கத் தூசி வந்தது. ஆய்வுக்கு யாரும் வரவில்லை. மத்தியானம் ஒரு பெண் திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நடந்து உள்ளே வந்தாள். ஒரு சாண் குறைக்க வேண்டுமாம். நாளைக்கு என்றேன். என் மனைவியின் வேலையை நான் செய்து பார்த்ததில்லை.

சாயங்காலம் மாமியார் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அன்னிக்கு நான் சொன்னது பொய். உங்களைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பின்ன என்னதான்பா சொன்னா?"

சொன்னேன்.

"ஷட்டரை முழுசாத் தூக்குங்க. குனிஞ்சு குனிஞ்சு வர்றதுக்கு நம்ம கடை என்ன கோழிக்கூண்டா?"