கண்ணுக்கு இரண்டு சொட்டு

காரின் குளிரில் தலைவருக்கு வியர்க்காது. வியர்க்க வைக்கத்தான் ஒப்பனைக்காரர். இறங்குவதற்கு முன் நெற்றியில் தண்ணீர் தெளித்து, சட்டை முதுகை நனைத்து, முழங்கையில் கொஞ்சம் புழுதி பூசி அனுப்புவார். "பாவம், மனுஷன் நமக்காக எப்படி அலையுறாரு" என்று ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் எவரும் சந்தேகப்பட்டதில்லை. பளபளப்பாகக் கொடுத்தால் சரக்கை யார் உரசிப் பார்க்கிறார்கள்?

அன்று மட்டும் ஒப்பனைக்காரர் வேலையை விட்டுவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே, இடிந்து சரிந்த கட்டடம். அதன் கீழ்த்தளத்து அச்சகத்தில் வேலை பார்த்த மச்சான் உள்ளே கிடந்தான். உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது என்று மனைவி போனில் கதறியிருந்தாள். தலைவரோடு வந்தால் வேலை சுருக்காக நடக்கும் என்று அவளுக்குத் தைரியம் சொல்லித்தான் காரில் ஏறினார். வந்து பார்த்தால், மண் அள்ளும் இயந்திரம் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. தலைவர் வருகிறார் என்று நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணே, மிஷினை ஓட்டச் சொல்லுங்கண்ணே. என் மச்சான் உள்ள இருக்கான்" என்றார் தலைவரின் உதவியாளரிடம்.

"அது ஓடினா ஐயா பேசுறது எவன் காதுல விழும்? கொஞ்சம் பொறுய்யா. உன் மச்சான் எங்கயும் ஓடிடப் போறானா?"

தலைவர் முகத்தைக் காட்டினார். "இன்னிக்குக் கண்ணுக்கும் போடுப்பா. லேசா."

வழக்கமாக இமைக்குக் கீழே ஒரு பொட்டு கிளிசரின் போதும். ஒப்பனைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். கூடுதலாகப் போனால் எரியும். எரிந்தால் பேச்சு வராது. பேச்சு இல்லையென்றால் காரில் ஏறிவிடுவார். கார் போனால் இயந்திரம் ஓடும். கண்ணுக்கு இரண்டு சொட்டாக உள்ளேயே விட்டார்.

தலைவர் இறங்கி மைக்கைப் பிடித்து, "என் சொந்தங்களே..." என்றார். அதற்குமேல் வரவில்லை. கண்கள் இரண்டும் கொட்டின. தடுமாறிச் செங்கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கணக்கு பலித்தது, ஒரு மூச்சு நேரம். பிறகு கூட்டம் ஓவென்று அழுதது. கேமராக்காரர்கள் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, தட்டும் சத்தம் கேட்ட அதே குவியல் மீது ஏறினார்கள். உதவியாளர் ஓடி வந்து ஒப்பனைக்காரரின் முதுகில் தட்டினார்.

"பின்னிட்டய்யா! இன்னும் ரெண்டு சேனல்காரன் வந்துட்டு இருக்கான். ஐயா இங்கயே உக்காரட்டும்."

முதலுக்கே மோசம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மனைவி வந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது.

"பாத்தீங்களா? பெத்த அப்பன் மாதிரி அழுவுறாரு. உங்களுக்கு ஒரு சொட்டு வரல. என் தம்பி உங்களுக்கு அவ்வளவுதானா?"

அவள் கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். விரல் நுனியில் பிசுபிசுப்பு. பாதியிலேயே மடக்கிக்கொண்டார். அவள் அதையும் பார்த்தாள்.

"இப்ப மிஷின் ஓடிடும்" என்றார் ஒப்பனைக்காரர்.

இருவரும் திரும்பினார்கள். இயந்திரத்தில் ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. தூக்கிய இரும்புக் கையின் பல்லிடுக்கிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கீழே, கூட்டத்தோடு கூட்டமாக, போனை உயர்த்திப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.