முப்பத்தெட்டு பேருக்கும் சம்மதம்

காலை ஏழு ஐம்பதுக்கு ஒசாகாவில் கிளம்பிய பேருந்து, மதியம் வரை கடலைக் காட்டவில்லை. பயணச்சீட்டில் 'வடகடல் எழில், ஒரு நாள் சுற்றுலா' என்று போட்டிருந்தது. நாங்கள் அதுவரை பார்த்தவை, மீன் மாவை மூங்கிலில் சுற்றிச் சுடும் ஒரு தொழிற்சாலை, ஒரு முத்துக் கடை, நெடுஞ்சாலைக் கழிப்பறைகள் இரண்டு.

பக்கத்து இருக்கையில் என் மாமியார் ஃபுமியே. அறுபத்து நான்கு வயது. ஒசாகாவில் சலவைக் கடை வைத்திருக்கிறார். இந்தப் பயணத்துக்கு இருவருக்கும் சேர்த்துப் பதிவு செய்தது அவர்தான். என்னிடம் கேட்கவில்லை. தொலைபேசியில் சொன்னார்.

"மாப்ள, பதினாலாம் தேதி சும்மாதான இருக்கீங்க?"

"ஞாயித்துக்கிழமைதான், அத்தை."

"நான் கெழமையக் கேக்கல."

காரணம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அக்டோபரில் என் மனைவி மிச்சிருவின் குளிர்காலக் கோட் ஒன்றை அத்தையின் கடைக்கு அனுப்பியிருந்தேன். இனி யாரும் போடப்போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு அக்டோபரும் அது சலவைக்குப் போகும், அனுப்பிவிட்டேன். உள்பையில் அந்த நோட்டு இருந்தது. பையைப் பார்க்காமல் துணி போடுகிறவர்களை அத்தைக்குப் பிடிக்காது. அதற்காக முதலில் திட்டினார். பிறகு இந்தப் பேருந்தில் இடம் பிடித்தார்.

மிச்சிரு போகிற இடத்திலெல்லாம் நினைவுக்காக நோட்டில் சீல் குத்திக்கொள்வாள். ரயில் நிலையம், கோட்டை, கோயில், எல்லா இடத்திலும் ஒரு மேசை, ஒரு ரப்பர் சீல், ஒரு மை டப்பா இருக்கும். இந்த நோட்டு வடகடல் கலங்கரை விளக்கங்களுக்கானது. பன்னிரண்டு பக்கம். பதினொன்றில் நீலமும் சிவப்புமாகச் சீல்கள், ஒரு மயிரிழை கோணாமல். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 'கசேமாச்சி முனை' என்று மட்டும். அதன் கீழ் இரண்டு தேதிகள், இரண்டும் அடிக்கப்பட்டிருந்தன. முதல் தேதியை நான் அலுவலகச் சரக்குக் கணக்கெடுப்புக்காக ரத்து செய்தேன். இரண்டாவதைச் சளிக்காக. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். பிப்ரவரியில் அவள் மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. முப்பத்தொரு வயது.

அந்த முனைக்கு ரயில் கிடையாது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டியது அவள்தான். சீல் இருக்கும் குடிலைப் பனிக்காலத்துக்காக நவம்பர் பதினைந்திலிருந்து மார்ச் வரை அடைத்துவிடுவார்கள். ஆகவே பதினாலாம் தேதி. ஆகவே இந்தப் பேருந்து.

வழிகாட்டிப் பெண்ணின் பெயர் ஒகினோ. மஞ்சள் கொடி வைத்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மன்னிப்பில் தொடங்கினாள். "மன்னிக்கணும், இடது பக்கம் தெரியிறது ஒரு மலைங்க. மன்னிக்கணும், மேகத்துல இன்னைக்குத் தெரியலைங்க." முன் இருக்கையில் தொகுரா என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மலையின் உயரத்தை அவள் சொன்னதும் திருத்தினார். பிறகு பேருந்து முழுக்க ஆரஞ்சுப் பழம் விநியோகித்தார். எனக்கு இரண்டு.

"தம்பி ஒல்லியா இருக்கீங்க. சம்சாரம் ஒழுங்கா சோறு போடுறதில்லையா?"

நான் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

"எம் பொண்ணு நல்லாதான் போட்டா" என்றார் அத்தை. "இவருதான் தட்டுல பாதிய வெச்சிருவாரு."

தொகுராவுக்குப் புரிந்தது. அதற்காக எனக்கு மூன்றாவது பழமும் வந்தது.

முத்துக் கடையில் இருபது நிமிடம் என்றார்கள். அத்தை முப்பத்தொன்று எடுத்துக்கொண்டார். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்ள ஒரு சங்கிலி. முப்பத்தேழு பேர் ஜன்னல் வழியே கடை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவர் ஏறி வந்து, இடதும் வலதுமாகக் குனிந்து, "காக்க வெச்சிட்டேன், காக்க வெச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டாம் வரிசை வரை வந்தார். எனக்கு இருக்கைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

"அத்தை, பதினோரு நிமிஷம்."

"எண்ணிட்டு இருந்தீங்களா? நல்லது. ஏதோ ஒண்ணு செஞ்சிருக்கீங்க."

மதியம் நண்டு. பெரிய கூடம், ஜன்னல்கள் எல்லாம் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்து. நண்டு சாப்பிடுகிறவர்கள் பேசமாட்டார்கள், அது ஒரு நிம்மதி. ஆனால் இரண்டாம் பந்திக்கு அடுப்பு பற்றவில்லை, பாத்திரம் வரவில்லை, எழுபது நிமிடம் நூறு நிமிடமானது. அத்தை இரண்டு பாட்டில் பீர் குடித்தார். பேருந்தில் ஏறியதும் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

அப்போதுதான் ஒகினோ ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"மன்னிக்கணும். நம்ம பயணம் நாப்பது நிமிஷம் தாமதமாயிடுச்சுங்க. கசேமாச்சி முனைக்குப் போனா ஒசாகா போய்ச் சேர எட்டரை ஆயிடும். நாளைக்கு எல்லாருக்கும் வேலை இருக்கும். அதனால முனைய விட்டுட்டு, கருவாட்டுக் கடைல கூடுதலா அரை மணி நேரம் குடுக்கலாம்னு நெனைக்கிறோம். யாருக்காவது இதுல சங்கடம் இருந்தா, தயங்காம சொல்லுங்க."

தயங்காமல் சொல்லுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த நாட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். பேருந்து அமைதியாக இருந்தது. எனக்கு முன்னால் சில தலைகள் லேசாக அசைந்தன. நோட்டு என் பையில் இருந்தது. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் யார் யாருக்குக் கடைசி ரயில் தவறும், யாருக்கு வீட்டில் குழந்தை காத்திருக்கும் என்று யோசித்தேன். என் ஒருவனுக்காக முப்பத்தேழு பேரா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் ஒகினோ குனிந்து நன்றி சொல்லிவிட்டாள்.

நானும் தலையை அசைத்திருந்தேன்.

மருத்துவமனையிலும் இப்படித்தான். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "ஏதாவது கேக்கணுமா? தயங்க வேண்டாம்" என்றார். பின்னால் இன்னொரு குடும்பம் காத்திருந்தது. "ஒண்ணும் இல்லங்க" என்றேன்.

கருவாட்டுக் கடையில் அத்தை எழுந்தார். இறங்கி, சுற்றிப் பார்த்தார். கணவாய், கானாங்கெளுத்தி, கடல்பாசி, உப்பு ஐஸ்கிரீம். மணி மூன்றரை.

"முனை எங்க?"

"ரத்து பண்ணிட்டாங்க, அத்தை."

"யாரு?"

"எல்லாருமா சேந்து."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தின் தேதியைப் படித்தேன்.

"மாப்ள, உங்களத்தான்."

"ஒண்ணும் சொல்லல."

அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். போகாத கறையைப் பார்க்கிற மாதிரி. பிறகு நேராகத் தொகுராவிடம் போனார். அவர் கணவாயை முகர்ந்துகொண்டிருந்தார்.

"வாத்தியாரே, உங்களுக்கு அந்த முனையப் பாக்க ஆசை இல்லையா?"

"ஆசைதான். அதுக்குத்தானே வந்தேன். கேமராவே அதுக்காக வாங்கினது. ஆனா மத்தவங்களுக்கு வீட்டுக்குப் போகணும் போல இருந்துச்சு."

"எந்த மத்தவங்க?"

அவர் மெதுவாகக் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

அத்தை அடுத்து இரண்டு சகோதரிகளிடம் போனார். அவர்கள் போன வருடமும் வந்தவர்கள், அன்று மழையில் முனை தெரியவில்லை, அதற்காகவே மறுபடி வந்தவர்கள். "பெரியவங்க நிறைய பேர் இருக்காங்களேன்னு பேசாம இருந்துட்டோம்." பெரியவர்களிடம் போனார். "சின்னவங்களுக்கு நாளைக்கு வேலை இருக்குமேன்னு..." ஒரு இளம் ஜோடி. "இல்லங்க, நாங்க லீவு போட்டிருக்கோம்." கடை முழுக்க அவர் பின்னாலேயே நடந்தேன். கையில் எப்படியோ இரண்டு பொட்டலம் கானாங்கெளுத்தி சேர்ந்திருந்தது. முப்பது பேரைக் கேட்டிருப்பார். ஒசாகாவுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

"அப்ப போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலாமே" என்றார் அத்தை, தொகுராவிடம்.

அவர் பதறினார். "முடிவு பண்ணினதுக்கு அப்புறமா? அது அந்தப் பொண்ணுக்குக் கஷ்டம்ல. ஆபீஸுக்கெல்லாம் சொல்லியிருக்கும்."

சகோதரிகளும் அதையே சொன்னார்கள். பாவம், அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சிரமம்.

அத்தை என்னிடம் திரும்பினார்.

"நான் போனா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவேன். தெரியும்ல?"

"தெரியும்."

"போகமாட்டேன். நோட்டுல அவ அடிச்ச தேதிங்க நான் தள்ளிப்போட்டது இல்ல."

அவர் கணவாய் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தை மீது, ஒகினோ மீது, அந்தக் கொடி மீது, பிறருக்காக விட்டுக்கொடுத்துவிட்டுக் கருவாடு வாங்கிக்கொண்டிருக்கும் முப்பத்தேழு பேர் மீது. எரிச்சல்பட எனக்கு என்ன யோக்கியதை என்பதும் தெரியும். அது எரிச்சலைக் கூட்டியது. பேருந்தின் நிழலில் ஒகினோ நின்றபடி சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாள். மதியம் அவளுக்குச் சாப்பிட நேரம் கிடைத்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் மறைத்தாள்.

"மன்னிக்கணும்" என்றேன்.

"இல்லங்க, நீங்க மன்னிக்கணும்."

"கசேமாச்சி முனைக்குப் போகணும்."

"அது வந்து... ரத்து ஆயிடுச்சுங்க. எல்லாருக்கும் சம்மதம்னு..."

"எனக்குச் சம்மதம் இல்ல."

அவள் வாயில் இன்னும் சோறு இருந்தது. நான் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். "இது என் மனைவியோடது. அவ இல்ல. நாளைக்கு அந்தக் குடிலை மூடிருவாங்க. மத்தவங்களையும் கேட்டாச்சு, எல்லாருக்கும் போகணும். யாரும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க."

அவள் தேதிகளைப் பார்த்தாள். விழுங்கினாள். ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார். "குடில் நாலரைக்குச் சாத்துவான். இப்ப கெளம்பினா நாலு பத்து. இருபது நிமிஷம் நிக்கலாம். இருபத்தொண்ணு கெடையாது. என் வேலை நேரம் முடிஞ்சிரும்."

ஒகினோ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஆறு முறை மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஒலிபெருக்கியில் எங்களிடம். முனைக்குப் போகிறோம், யாருக்காவது சங்கடம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பேருந்து அமைதியாக இருந்தது. பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அவ்வளவு சந்தோஷத்தை ஒரு மணி நேரம் எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

வழியில் ஒரு லாரி. மலைப்பாதை, முந்த முடியவில்லை. முனையில் இறங்கும்போது மணி நாலு பதினேழு. குடில் மேலே, நூற்று நாற்பது படி. நான் ஓடினேன். பின்னால் தொகுரா எண்ணிக்கொண்டே வந்தார். குடிலில் ஒரு பெண் ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டிருந்தாள். மேசை, கயிற்றில் கட்டிய சீல், மை டப்பா. நோட்டைப் பிரித்தேன். சீலை மையில் ஒற்றினேன். குத்தினேன். உள்ளங்கையால் அழுத்தினேன், அவள் செய்கிற மாதிரி.

எடுத்துப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் தலைகீழாக நின்றது. அலைகள் மேலே, விளக்கு கீழே. வலது ஓரம் மை பிடிக்கவேயில்லை.

அத்தை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கண்ணாடிச் சங்கிலி கழுத்தில் ஆடியது. மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தலைகீழா இருக்கு."

"ஆமா."

"அவ மொதல்ல ஒரு கசங்கின பேப்பர்ல குத்திப் பாப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவசரத்துல மறந்துட்டேன்."

"பதினோரு பக்கம். ஒண்ணு கோணல. கடைசிப் பக்கத்த உங்கிட்ட குடுத்தா..." நிறுத்தினார். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட என்னை அவர் நீ என்றதில்லை. "எப்படிடா எம் பொண்ணு உன்னோட குடும்பம் நடத்தினா?"

"கத்துவா" என்றேன்.

"கத்தணும். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கணும்."

  மேசையை விட்டு நகரவேண்டியிருந்தது, பின்னால் வரிசை. சகோதரிகள், ஜோடி, வாத்தியார், எல்லோரும் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் சீல் குத்த நின்றார்கள். ஒவ்வொருவரும் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் குத்திப் பார்த்தார்கள். ஒவ்வொருவருடையதும் நேராக விழுந்தது.

வெளியே வந்தோம். கீழே ஒகினோ கொடியை ஆட்டினாள்.

"கடலப் பாத்தியா?" என்றார் அத்தை.

"இன்னும் இல்ல."

"வந்ததே அதுக்குத்தானே."

"சீலுக்குத்தான் வந்தோம். நேரம் ஆச்சு, அத்தை. நாலு முப்பத்தஞ்சு. டிரைவர் இருபத்தொண்ணு கெடையாதுன்னு..."

"குடிலச் சுத்திப் பின்னாடி போ. அந்த வேலி வரைக்கும். பொறுமையாப் பாத்துட்டு வா." நோட்டை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "பஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

படி இறங்கத் தொடங்கினார். ஒரு படிக்கு ஒரு முறை நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காலையில் மீன் தொழிற்சாலையின் மாடிப்படியில் எல்லோரையும் முந்தி ஏறியவர் அவர்.

நான் வேலி வரை போனேன்.

பேருந்து ஒன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நான் ஏறி, இடதும் வலதுமாகக் குனிந்து, "காக்க வெச்சிட்டேன், காக்க வெச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டாம் வரிசை வரை நடந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தொகுரா ஒரு பழம் நீட்டினார்.