வெள்ளிக்கிழமை பூட்டிய இன்ஜின்

"தங்கச்சி, ஒன் ரப்பரை நீயே வந்து பாரு. காரு பேயாட்டம் ஆடுது" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கருத்தக்கண்ணன் போனை வைத்ததும் பாண்டீஸ்வரி ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்தாள்.

கப்பலூரில் அவள் நடத்துவது சின்ன ரப்பர் பட்டறை. அதுவரை பம்புசெட்டுக்கு வாஷர்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பியட் கார் ஒன்றைப் புதுப்பிக்க எடுத்த கருத்தக்கண்ணனுக்கு, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இரண்டும் கியர்பாக்ஸைத் தாங்க ஒன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவளை நம்பி அச்சுப் போட்டுச் செய்துதரச் சொன்னார். அந்த மனிதர் வாயிலிருந்து 'ஆகாது' என்று ஒரு சொல் விழுந்தால் போதும், மதுரையில் வேறெந்த மெக்கானிக்கும் அவள் சரக்கைத் தொடமாட்டார். காளவாசலில் இருக்கும் அவர் ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்கூட்டரை விரட்டினாள்.

அவர் இன்ஜினை ஓடவிட்டுக் காட்டினார். கதவுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. ஸ்டீயரிங்கைப் பிடித்தவளுக்குப் பல்வரை அதிர்ந்தது.

"நைஞ்சுபோன பழைய ரப்பர்லகூட இம்புட்டு ஆட்டம் இல்ல" என்றார்.

அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. சண்டைக்கா வந்தோம் என்று அதை அடக்கிக்கொண்டு டார்ச்சுடன் குனிந்தாள். மூன்று ரப்பரும் பிழிந்த துணி மாதிரி ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றன.

"எப்பண்ணே பூட்டுனீங்க?"

"காலைலதான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்ல. அதுக்குள்ள எல்லா போல்ட்டையும் இறுக்கிப்புட்டேன்."

"இன்ஜின் செயின்ல தொங்கையிலயேவா?"

கருத்தக்கண்ணன் சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டார். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, இன்ஜினின் பாரம் ரப்பரில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதிர்வை வாங்காது என்பது அவருக்குத் தெரியாததா? முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறார். இன்றைக்குக் கடிகாரம் கெடுத்துவிட்டது.

"இப்பத் தொட்டா ராகு காலமாச்சே" என்று இழுத்தார்.

"மாட்டுறதுக்குத்தான் நேரங்காலம். கழட்டுறதுக்கு எதுக்குண்ணே?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. போல்ட்டுகளைத் தளர்த்தியதும் இன்ஜின் ஒரு முனகலோடு கீழே அமர்ந்தது. இருவரும் பிடித்து நன்றாக ஆட்டிவிட்டார்கள். முறுக்கு விட்டு ரப்பர் நேரானது. ஆனால் பன்னிரண்டு அடிக்கும்வரை அவர் மறுபடி ஸ்பேனரை எடுக்கவில்லை. டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாண்டீஸ்வரி தன் கிளாஸைத் தொடவே இல்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு இன்ஜினின் இரண்டையும், கடைசியாகக் கியர்பாக்ஸையும் இறுக்கினார். சாவியைத் திருப்பினார். கதவுகள் வாயே திறக்கவில்லை. அவள் குடிக்காமல் விட்ட டீயைக் கிளாஸோடு பானட் மேல் வைத்தார். மேலே படிந்த பாலாடை லேசாக நெளிந்தது, கிழியவில்லை. பாண்டீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று.

மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆளா அவர்? பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து அவள்முன் வைத்தார். உள்ளே வெவ்வேறு பழைய கார்களின் தேய்ந்த ரப்பர்கள்.

"அம்புட்டுக்கும் அச்சுப் போடு. எப்ப ஆரம்பிப்ப?"

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு."

"அம்புட்டு வெள்ளனயா? எதுக்கு?"

"சனிக்கிழமை ஆறுக்குக் குளிகைண்ணே. அதுல ஆரம்பிச்ச காரியம் திரும்பத் திரும்ப வருமாம்ல."

கருத்தக்கண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியைக் குடைந்து இன்னும் இரண்டு ரப்பரை எடுத்துவந்து பையில் போட்டார்.