இடப்பக்கத்து வேலி

"சுவரைப் பாத்து நில்லுங்க. நான் பின்னால இருந்து வர்றேன். போதும்னு தோணுற இடத்துல கையைத் தூக்குங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

வலப்பக்கமாக அவர் வந்தபோது சுவரைப் பார்த்து நின்ற தங்கைக்குத் தோளைத் தொடும் தூரம்வரை ஒன்றும் தோன்றவில்லை. இடப்பக்கமாக வந்தபோது மூன்றடியிலேயே கை எழுந்தது. அவர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். "உடம்பைச் சுத்தி மூளை ஒரு வேலி போட்டு வெச்சிருக்கும். அடிபட்ட பக்கம் அதைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கு, அவ்வளவுதான். இப்ப உங்க அக்கா வரட்டும்."

கதவருகில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து ஒரே ஓர் எட்டு வைத்தாள். தங்கையின் கை விருட்டென்று மேலே போனது. பத்தடி இருக்கும். பிசியோதெரபிஸ்ட் கோடு போடவில்லை. "தண்ணி கொண்டுவர்றேன்" என்று வெளியே போனார்.

தங்கை கூனிக் குறுகிப்போனாள். நான்கு மாதமாக உடம்பு துடைத்து, தலை வாரி, சோறு ஊட்டியவள் அக்கா. இருவருக்கும் ஒரே கிடங்கில் வேலை. அக்கா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாள். இவள் பெட்டிகளில் சீட்டு ஒட்டுவாள். தலையிலும் அடிபட்டதால் அன்று நடந்தது இம்மியும் நினைவில்லை. அடிப்பெட்டியை இவள் உருவப்போய், அடுக்கு மொத்தமும் இவள்மேல் சரிந்ததாக அக்காதான் சொன்னாள். "என் அவசர புத்தியால உனக்கும் கஷ்டம்க்கா" என்று எத்தனை முறை அழுதிருப்பாள்! அக்கா இவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "போகட்டும் விடுடி" என்பாள்.

"தப்பா நெனைக்காதக்கா. உடம்பு ஏன் இப்படிப் பண்ணுதுன்னே தெரியல."

அக்கா சாக்பீஸ் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எதையும் உருவலடி" என்றாள். "நான்தான் வண்டியைப் பின்னால எடுத்து அடுக்குல இடிச்சேன். திரும்பிப் பாக்கல."

"அப்ப ஆபீஸ்ல?"

"நீ உருவுனதா எழுதிக் குடுத்துட்டேன். நீ பொழைப்பியான்னே தெரியாத நேரம்டி. என் வேலையும் போயிட்டா உன்னை யாரு பாத்துக்குவா?"

திட்டத்தான் தங்கை வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"நான் அழுதப்பல்லாம் கண்ணைத் தொடச்சிவிட்டியேக்கா."



வீட்டுக்குப் போகும் பேருந்தில், தங்கை ஜன்னலோரம் உட்காரட்டும் என்று அக்கா வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தங்கை அதற்குப் பின்சீட்டில் அமர்ந்தாள். அக்காவின் சட்டைக் கழுத்துக்கு வெளியே லேபிள் நீட்டிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் தங்கை அதை உள்ளே மடித்துவிட்டிருப்பாள். ஜன்னல் காற்றில் அது படபடத்துக்கொண்டே வந்தது.