மலையின் அந்தப் பக்கம்

தண்ணீர் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? இலங்கை மலைநாட்டில் நோட்டன் பக்கம் ஆற்றை மறித்து, மலையின் வயிற்றைக் குடைந்து, அந்த வழியாகத் தண்ணீரை விட்டுக் கரண்டு எடுக்கப் போகிறார்களாம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் தேயிலைத் தோட்டமெல்லாம் இதே பேச்சு. அந்தக் கரண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆட்கள் கொழுந்துக் கூடையை விட்டுவிட்டுக் கல் உடைக்க ஓடினார்கள்.

கந்தப்பனும் அப்படி ஓடினவன்தான். பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்தில் அவன் அப்பா பெரட்டுத் தப்பு அடித்தவர். விடியுமுன் அந்தப் பறைச் சத்தம் கேட்டுத்தான் லயத்துச் சனம் எழுந்து வேலைக்கு வரும். அப்பா செத்ததும் தப்பு மூத்தவன் கைக்கு வந்தது. "ஊரை எழுப்புற நாய்ப் பொழப்பு எனக்கு வேணாம்" என்று அதைத் தம்பி சோலைமலையின் காலடியில் போட்டுவிட்டுக் கிளம்பினான். அப்பாவின் பிழைப்பை அப்படிச் சொன்னதைத் தம்பி மன்னிக்கவில்லை.

பிறகு சோலைமலையும் சுரங்க வேலைக்கு வந்தான், ஆனால் மலையின் அந்தப் பக்கம். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்தார்கள். கந்தப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறி இறங்கிப் போய்த் தம்பி முன்னால் நின்றான். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான். அப்புறம் எந்த முகத்தோடு மறுபடி போவது?

கந்தப்பனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தகரக் கொட்டகையில் கூட்டத்தோடு படுத்தாலும் தனி ஆள்தான். சுரங்கத்துக்குள் ஈரம், வெடிமருந்துப் புகை, காதைப் பிளக்கும் மிஷின் சத்தம். பேசினால் பேசினவனுக்கே கேட்காது.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் மிஷின்கள் நின்றிருந்தன. பாறையில் சாய்ந்திருந்தவன் முதுகில் ஏதோ தட்டுவது போலிருந்தது. காதை வைத்தான். பெரட்டுத் தப்பின் அடி! மூன்றாவது அடியைக் கொஞ்சம் இழுத்து விடும் அப்பாவின் அதே கைவாகு. தம்பிதான் சுத்தியலால் அடிக்கிறான். கந்தப்பன் தன் சுத்தியலை எடுத்து அதே அடியைத் திருப்பி அடித்தான். அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது.

அதற்கப்புறம் அவனுக்குத் தேத்தண்ணி ஆறினாலும் கவலையில்லை. தினமும் தட்டினான், தினமும் பதில் வந்தது. சில நாள் கழித்து அடி பிசகியது. அந்த இழுப்பைக் காணோம். கல்லில் அடித்து அடித்துக் கை மரத்திருக்கும் பாவம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்பாவின் அடி தெரிந்தவன் இந்த மலையில் வேறு யார் இருக்கிறான்? ஓட்டை விழுந்ததும் முதல் ஆளாய் நுழைந்து தம்பியைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டான்.

கடைசி வெடி வைத்துப் புகை அடங்கியபோது, ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். யாரோ தேங்காய் உடைத்தார்கள். "சோலை!" என்று கூப்பிட்டுக்கொண்டே கந்தப்பன் தவழ்ந்து போனான். எதிரே கழுத்தில் சிலுவை தொங்க ஒருவன் நின்றான்.

"கந்தப்பண்ணன் நீங்கதானே? நான் லியனார்ட். சோலைமலைகூட வேல செஞ்சவன்."

"தம்பி எங்க?"

"இந்தியாவுக்குப் போயிட்டாருங்க. பொண்டாட்டி வீட்டு ஆளுங்களோட, போன மாசமே தலைமன்னார் கப்பல்ல."

"அப்ப தட்டுனது யாரு?"

"மொதல்ல அவருதான். அப்புறம் நான். போறப்ப எனக்குச் சொல்லிக் குடுத்துட்டு, 'அண்ணன் தட்டும், பதில் இல்லாம விட்டுறாத'ன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா? அம்புட்டுக் கோவமா?"

லியனார்ட் தலை குனிந்துகொண்டான். "கோவம் இல்லண்ணே. 'சொன்னா அண்ணன் மலையேறி வந்துரும். வந்து நின்னா நான் போக மாட்டேன்'னு அழுதாரு."

அந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். கந்தப்பன் மட்டும் அவர்களுக்கு எதிரே நடந்தான். வெளிச்சம் தெரியும்வரை நடந்துபோய், சுரங்க வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இனித் தம்பியைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை, உள்ளேயே நேர்வழி இருக்கிறது. தம்பிதான் இல்லை.